மருந்துக் குளம்

விடிவதற்கு முன்பே மொக்கைச்சாமியின் கைகள் முழங்கை வரை புண்ணாக்குத் தொட்டிக்குள் இருந்தன. ஊறிய கடலைப் புண்ணாக்கு, அதன் மேல் தவிடு, அதற்கும் மேல் தகர டின்னிலிருந்து அள்ளிப் போட்ட மஞ்சள் நிறப் பொடி. மூன்றையும் சேர்த்துப் பிசைந்து உருண்டை பிடிக்க வேண்டும். மார்கழிப் பனியில் தொட்டித் தண்ணீர் விரல்களை விறைக்க வைத்தது. புளித்த வாடை அவருக்குப் பழகிப் போயிருந்தது. பழகாதது அந்தப் பொடியின் கசப்புத்தான். எத்தனை தடவை கழுவினாலும் நகக்கண்ணில் தங்கி, வீட்டில் சோற்றைப் பிசையும்போது நாக்கில் ஏறும்.

கீழே குளத்துக்குள் வலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். நெஞ்சளவுத் தண்ணீரில் தங்கமுத்து முன்னால் நின்று குரல் கொடுக்க, மற்றவர்கள் ஒரே மூச்சில் கயிற்றைத் தோளுக்கு வாங்கினார்கள். பல் கிட்டிப்போன வாய்களிலிருந்து ஆவி பறந்தது. சேற்றில் புதைந்த காலைப் பிடுங்கி அடுத்த எட்டு வைப்பதற்குள் தொடை நடுங்கும். சிறுமலைக்குப் பின்னால் வானம் வெளுத்தபோது வலை சுருங்கிக் கரைக்கு வந்தது. அதற்குள் கட்லாவும் ரோகுவும் உலை கொதிப்பதுபோலத் துள்ளின.

கரையில் காத்திருந்த பெண்கள் குந்தி உட்கார்ந்து பிரிக்கத் தொடங்கினார்கள். பெரியது மதுரை லாரிக்கு, சிறியது திண்டுக்கல் சந்தைக்கு. பேகம்பூரிலிருந்து நடந்தே வரும் ஜெய்தூன் பீவி, முக்காட்டைக் காதுக்குப் பின்னால் செருகிக்கொண்டு இரண்டு கையாலும் மீனை அள்ளினாள். தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்த்த புருஷன் நெஞ்சுச் சளியில் செத்துப்போன பிறகு, அவளையும் மகள் காதர் பீவியையும் காப்பாற்றி வந்தது அந்தக் கைகள்தான்.

"யா அல்லா!"

சத்தம் கேட்டுப் பக்கத்திலிருந்த இஞ்ஞாசியம்மாள் திரும்பினாள். கட்லாக்களுக்கு நடுவே கிடந்த ஒரு கெளுத்தி, ஜெய்தூனின் வலது உள்ளங்கையில் முள்ளை ஏற்றியிருந்தது. இஞ்ஞாசியம்மாள் மீனின் தலையைப் பிடித்துத் திருகி முள்ளை உருவினாள். கறுத்த ரத்தம் ஒரு சொட்டு வந்தது.

மோட்டார் கொட்டகை வாசலில் நாற்காலி போட்டிருந்த முதலாளி பெரியகருப்பன் அங்கிருந்தே குரல் கொடுத்தார். "மொக்கை, அந்தப் பொடியில ஒரு சிட்டிகை வச்சு அமுக்கி விடுப்பா. லாரி வார நேரம்."

மொக்கைச்சாமி ஈரக் கையை வேட்டியில் துடைத்துவிட்டு டின்னோடு வந்தார். பொடியை வைத்து அமுக்கினார். தன் துண்டின் ஓரத்தைக் கிழித்துக் கட்டினார்.

"வலிக்குதா தங்கச்சி?"

"கெளுத்தி குத்துனா வலிக்காமயாண்ணே இருக்கும்? பொழுது சாய்ஞ்சா சரியாப் போகும்" என்று சொல்லிவிட்டு அவள் மறுபடியும் மீனுக்குள் கையை விட்டாள்.

திண்டுக்கல்லுக்கு மேற்கே, ரெட்டியார்சத்திரம் போகிற பாதையில் அந்தக் குளங்கள் இருந்தன. பெரியகருப்பனுக்கு டவுனில் அரிசி மில் உண்டு. மானாவாரியாகக் கிடந்த நிலத்தில் குளம் வெட்டி, பெரிய கிணற்றில் மோட்டார் வைத்து, கட்லாக் குஞ்சு வாங்கி விட்டார். முதல் வருஷம் மீன் கொழுத்தது. ஆசை யாரை விட்டது? அடுத்த வருஷம் அதே தண்ணீரில் இரண்டு மடங்கு குஞ்சு விட்டார். நெருக்கிப் பிடித்த சந்தைபோல மீனோடு மீன் உரச, உடம்பெல்லாம் சிவந்த புண்ணோடு செத்து மிதந்தன. அப்போதுதான் மதராஸிலிருந்து ஒரு மருந்து ஏஜெண்டு வந்தான். ஆஸ்பத்திரிகளில் மனிதர்களுக்குக் கொடுக்கிற, கிருமி கொல்லும் மைசின் மருந்து, நாள் கடந்துபோனது, டின் டின்னாகக் குறைந்த விலைக்கு. தீனியில் கலந்து போட்டதும் புண் ஆறியது. மீன் முன்னைவிடச் சீக்கிரம் பெருத்தது. அன்றிலிருந்து நோய் இருந்தாலும் இல்லாவிட்டாலும் தினமும் பொடி விழுந்தது.

அந்தப் பொடி வேலையாட்களுக்கும் மருந்தானது. கயிறு அறுத்தாலும், முள் குத்தினாலும், கிளிஞ்சல் கிழித்தாலும் முதலாளி டின்னைத் திறந்துவிடுவார். தொடக்கத்தில் மந்திரம் போட்டதுபோலக் காயம் காய்ந்தது. நல்ல மனசுள்ள மனுஷன் என்று எல்லோரும் வாயாரச் சொன்னார்கள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் காயங்கள் ஆறத் தாமதித்தன. தங்கமுத்துவின் முழங்காலுக்குக் கீழே ஐப்பசியில் வந்த புண், தை நெருங்கியும் ஈரமாகவே இருந்தது. யாரும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. நினைக்கிற நிலைமையிலும் யாரும் இல்லை. இரண்டு வருஷமாக மழை கிடையாது. வெங்காயமும் மிளகாயும் போட்ட கிணற்றுத் தோட்டங்கள் காய்ந்து வெடித்திருந்தன. மொக்கைச்சாமியின் கிணற்றில் பல்லிகள் குடியிருந்தன. சுற்று வட்டாரத்தில் தண்ணீர் தெரிகிற ஒரே இடம் அந்தக் குளம்தான். அது தெரிந்துதான் முதலாளி கூலியைக் குறைத்தபோதும் ஒருவரும் முணுமுணுக்கவில்லை.

முள் குத்திய மறுநாள் ஜெய்தூனின் கை புறங்கை வரை வீங்கியது. அதற்கடுத்த நாள் முழங்கை மடங்கவில்லை. உள்ளங்கையில் தோல் கறுத்து, அழுகிய வாடை வந்தது. இடது கையால் மீனைப் பொறுக்கிக்கொண்டிருந்தவள் அப்படியே கூடை மேல் சாய்ந்தாள்.

"கையில தீக்கங்க வச்சுக் கட்டுன மாதிரி இருக்குண்ணே" என்றாள்.

மொக்கைச்சாமி புண்ணாக்கு மூடை ஏற்றி வந்த வண்டியில் அவளைப் படுக்க வைத்து டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். இஞ்ஞாசியம்மாளும் ஏறிக்கொண்டாள். அரை நாள் கூலி போகும் என்று கொட்டகையிலிருந்து சத்தம் வந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

டாக்டரம்மா வயதில் சிறியவர், அதிகம் பேசாதவர். கையைப் பார்த்ததும் முகம் மாறியது. பென்சிலின் ஊசி போட்டார். இரண்டு நாள் பார்த்துவிட்டு வேறு ஊசி போட்டார். பிறகு மஞ்சள் நிறக் குளிகைகள் வந்தன. அவற்றில் ஒன்று பிரிந்து உள்ளிருந்த தூள் சிந்தியபோது, கட்டில் ஓரம் நின்ற மொக்கைச்சாமிக்கு அந்தக் கசப்பு வாடை தெரிந்தது.

"அம்மா, இது எங்க கொளத்துப் பொடியில்ல?"

"எந்தப் பொடி?"

அவர் சொன்னார். மீன் செத்தது, ஏஜெண்டு வந்தது, டின், தினமும் தீனியில் கலப்பது, காயத்துக்கு வைப்பது எல்லாம். டாக்டரம்மா கேட்டுக்கொண்டே வந்தவர் நடுவில் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஜெய்தூனின் காயத்திலிருந்து சீழ் எடுத்து மதுரைப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் பரிசோதனைக்கு அனுப்பினார். அங்கிருந்து பதில் வருவதற்குள் கறுப்பு மணிக்கட்டைத் தாண்டியது.

பதில் வந்த அன்று டாக்டரம்மா மொக்கைச்சாமியையும் இஞ்ஞாசியம்மாளையும் வராந்தாவுக்கு அழைத்தார்.

"இங்க இருக்கிற எந்த மருந்துக்கும் இந்தக் கிருமி அசையல. கண்ணாடித் தட்டுல கிருமிய வளர்த்து, நடுவுல மருந்த வச்சுப் பாத்திருக்காங்க. மருந்தைச் சுத்தியே அது மளமளன்னு வளர்ந்திருக்கு."

"அது எப்படிம்மா? முன்னால கேட்டுச்சே" என்றாள் இஞ்ஞாசியம்மாள்.

"கேட்டிருக்கும். தினமும் கொஞ்சம் கொஞ்சமா அந்த மருந்தைத் தண்ணியில விட்டிருக்காங்க. அதுக்குச் சாகிற கிருமி எல்லாம் செத்துப் போச்சு. சாகாமத் தப்பிச்சது மட்டும் மிஞ்சி, அது பெருகி, இப்பக் குளம் முழுக்க அதுதான் இருக்கு. அதுங்களுக்கு அந்த மருந்து ஒரு பொருட்டே இல்ல, வெறும் தண்ணி மாதிரி."

"வேற மருந்து?"

டாக்டரம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். வெளியே புளிய மரத்தடியில் குதிரை வண்டிகள் நின்றன. அவற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "இருந்தா நேத்தே போட்டிருக்க மாட்டேனா? கைய எடுத்தா உயிரு தங்கும். அதுக்கு மேல என்கிட்ட ஒண்ணும் இல்லைங்க."

மொக்கைச்சாமி தன் இரண்டு கைகளையும் துண்டுக்குள் மறைத்துக்கொண்டார். டாக்டரம்மா அதைக் கவனித்தார்.

"நீங்கதான் கலக்குறவரா?"

"ஆமாம்மா."

"உங்க கையில காயம் ஏதும் இருக்கா? காட்டுங்க."

அவர் காட்டவில்லை. இல்லை என்று தலையை மட்டும் ஆட்டிவிட்டுச் சுவரோரம் போய் நின்றார்.

முழங்கைக்குக் கீழே கையை எடுத்தார்கள்.

ஜெய்தூன் வீட்டுக்கு வந்த பிறகு ஒரு நாள் சாயங்காலம் மொக்கைச்சாமி பேகம்பூருக்குப் போனார். ஓட்டுச் சாய்ப்பு வீடு. மகள் காதர் பீவி அடுப்பில் கம்பங்கூழ் கிண்டிக்கொண்டிருந்தாள். ஜெய்தூன் சுவரில் சாய்ந்து, முந்தானையால் வலது பக்கத்தை மூடியிருந்தாள். மொக்கைச்சாமி வாசல்படி ஓரம் குந்தினார். கையில் கொண்டுவந்த அரைப்படி கேப்பையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"மேல வந்து உக்காருங்கண்ணே" என்றாள் அவள். பிறகு தானாகவே பேசினாள். "காலையில சுபுஹு தொழுகைக்குக் கை கால் கழுவி ஒளு செய்யிறப்ப, இல்லாத கைக்கும் தண்ணி ஊத்தப் போனேன். செம்பு கீழ விழுந்துருச்சு. இவ முழிச்சுக்கிட்டு அழுகுறா. நான் என்னத்தச் சொல்ல?"

மொக்கைச்சாமி கேப்பையைக் கீழே வைத்துவிட்டுத் தன் கைகளைப் பார்த்தார். "அம்புட்டும் நான் பிசைஞ்சதுதான் தங்கச்சி. இந்தக் கையாலதான்..."

"நீங்களா டின்னு வாங்கியாந்தீக? நீங்களா ஒண்ணு விடுற எடத்துல ரெண்டு மீன விட்டீக?" அவள் குரல் உயரவில்லை. "சும்மா அதையே சொல்லிக்கிட்டிருக்காதீகண்ணே. தங்கமுத்து காலு எப்படி இருக்கு? அதச் சொல்லுங்க."

தங்கமுத்துவின் கால் முழங்கால் வரை வீங்கியிருந்தது. அதை அவர் சொன்னதும் ஜெய்தூன் கண்ணை மூடிக்கொண்டாள். காதர் பீவி கிண்டுவதை நிறுத்திவிட்டாள். கூழ் அடிப்பிடிக்கிற வாடை வந்தது.

அடுத்த நாள் வலை இழுத்து முடிந்ததும், ஈரம் சொட்டச் சொட்ட எல்லோரும் மோட்டார் கொட்டகைக்குப் போனார்கள். இஞ்ஞாசியம்மாள் முன்னால் நின்றாள். பெரியகருப்பன் வெற்றிலைச் செல்லத்தை மூடினார்.

"என்ன, கூட்டமா வந்திருக்கீக?"

"பொடி போடுறத நிப்பாட்டணும் மொதலாளி. மீன நெருக்கி விடுறதையும் கொறைக்கணும். ஜெய்தூனுக்கு ஆஸ்பத்திரிச் செலவும், தண்ணியில எறங்காம ஒரு வேலையும் குடுக்கணும். தங்கமுத்த ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும், கூலியோட."

"பேகம்பூர் பொம்பள கை போச்சுன்னா எனக்கு வருத்தம் இல்லன்னு நினைக்கிறியா? பழனிக்கு நடக்கிறப்ப எங் குதிகால் வெடிச்சுது. நானும் இதே பொடியத்தான் வச்சேன். எனக்கு ஆறலயா?"

"நீங்க தண்ணியில எறங்கலயே மொதலாளி."

அவர் முகம் சுருங்கியது. "நோய்க்குத்தானே மருந்து போடுறோம்? மருந்து போட்டா நோய் வருமா? எந்த ஊரு நாயம் இது? ஏலே மொக்கை, நீ பெரிய மனுசன். நீ சொல்லு. பொடிய நிப்பாட்டுனா என்னாகும்?"

எல்லோரும் மொக்கைச்சாமியைப் பார்த்தார்கள். அவர் பொய் சொல்லத் தெரியாதவர்.

"மீன் சாகும் மொதலாளி. இம்புட்டு நெருக்கத்துல நிப்பாட்டுனா சாகும்."

"கேட்டீகளா? மீன் மெதந்தா ஒங்க சோறும் சேந்து மெதக்கும். மழையுமில்ல, தோட்டமுமில்ல. எங்க போவீக? எனக்கென்ன, குளத்த மூடிட்டு மில்லப் பாத்துக்கிட்டுப் போயிருவேன்."

அவர் சொன்னது உண்மையாகவும் இருந்ததுதான் கொடுமை. நனைந்த வேட்டிகளிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"மீனு செத்தா வேற மீனு விட்டுக்கிரலாம்" என்று மொக்கைச்சாமி மெல்லச் சொன்னார். "போட்டுக்கிட்டே இருந்தாலும் அது சாகத்தான் போகுது மொதலாளி. இப்பவே ரெண்டாவது கொளத்துல சிவப்புப் புண்ணு கண்டுருச்சு. முன்னால ஒரு டின்னுல அடங்குனது இப்ப மூணு டின்னுலயும் அடங்கல. இனிமே நான் பிசையல."

"பிசையலன்னா வெளிய போ. வேற ஆளா இல்ல? நாளைக்கே லாரி நெறயக் கொண்டாந்து எறக்குறேன் பாரு."

திரும்பி நடக்கும்போதே சண்டை வந்துவிட்டது. "அவருகிட்டப் போயி ஏன் சொன்னீக, மீன் சாகும்னு?" என்று இஞ்ஞாசியம்மாள் மொக்கைச்சாமியைப் பிடித்துக்கொண்டாள். தங்கமுத்து இன்னும் கோபமாக இருந்தான். "எம் பிள்ளைகளுக்கு நாளைக்கு என்னத்தக் குடுக்க? கால் போனாலும் போகட்டும், நான் எறங்குறேன்" என்று நொண்டிக்கொண்டே கரையேறியவன், வரப்பில் கால் வழுக்கி உட்கார்ந்தான். எழுந்திருக்க முடியவில்லை. வேட்டியை விலக்கியபோது புண்ணைச் சுற்றி, ஜெய்தூன் கையில் அவர்கள் பார்த்த அதே கறுப்பு.

ஆஸ்பத்திரியில் மருந்து இல்லை. ஊரில் மழை இல்லை. முதலாளிக்கு ஆள் இருக்கிறது. தங்கமுத்து இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு பிள்ளைபோல அழுதான். இஞ்ஞாசியம்மாள் அவன் பக்கத்தில் சேற்றிலேயே உட்கார்ந்தாள்.

"அழுவாதடா அப்பு. ஒன்ன டாக்டரம்மாகிட்டக் கொண்டு போறோம். எங்க இருந்தாவது மருந்து வருமான்னு கேப்போம். ஆனா இனிமே ஒருத்தரும் இந்தத் தண்ணியில காலு வைக்கக் கூடாது. ஒத்தையா நின்னா ஒத்தையாத்தான் அறுத்து எடுப்பாக. நாளைக்கு எல்லாரும் வாங்க. கரையில உக்காருவோம்."

சரி என்று வாய்விட்டுச் சொன்னவர்கள் சிலர்தான். ஆனால் மறுநாள் விடியும்போது எல்லோரும் வந்திருந்தார்கள். தங்கமுத்துவின் மனைவி ராமுத்தாய், அவனை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு அங்கிருந்தே நேராக வந்திருந்தாள். ஜெய்தூன் பீவி மகளோடு பேகம்பூரிலிருந்து நடந்து வந்தாள். குளத்துக்கு இறங்குகிற பாதையில் குறுக்காக உட்கார்ந்தார்கள்.

தீனி நேரம் வந்தது. மீன்கள் வழக்கம்போலக் கரையோரம் கூடி, வாயைத் திறந்து திறந்து மூடின. அந்தச் சப்தம் மொக்கைச்சாமிக்குத் தாங்கவில்லை. எத்தனை காலமாக அவர் கையால் தின்றவை! எழுந்துவிடுவோமோ என்று பயந்து, பக்கத்திலிருந்த புல்லை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டார்.

லாரி வந்தது. கன்னிவாடிப் பக்கத்து ஆட்கள், ஆணும் பெண்ணுமாக. எல்லோர் முகத்திலும் பஞ்சம் இருந்தது. அவர்களைக் கூட்டி வந்த ராமர் முதலில் குதித்தான். பின்னாலேயே பெரியகருப்பன் ஜீப்பிலிருந்து இறங்கினார்.

"ம், எறங்குங்க. வலை அங்க கெடக்கு."

ராமர் பாதையில் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்து நின்றான். "வழிய விடுங்கப்பா. எங்க ஊர்லயும் மழ இல்ல. வெறும் வயித்தோடதான் வந்திருக்கோம். ஒங்க பொழப்பக் கெடுக்கணும்னு வரல."

இஞ்ஞாசியம்மாள் ஏதோ சூடாகச் சொல்ல வாயெடுத்தாள். ஜெய்தூன் அவள் தோளைத் தொட்டு நிறுத்திவிட்டு எழுந்தாள். வலது பக்கத்து முந்தானையை விலக்கினாள். இன்னும் கட்டுப் பிரிக்காத குறைக் கையைப் பார்த்து, லாரியில் வந்தவர்களில் ஒரு பெண் "ஆத்தீ" என்றாள்.

"நீங்களும் பசிச்சுத்தான் வந்திருப்பீக, தெரியும்" என்றாள் ஜெய்தூன். "நானும் பசிச்சுத்தான் இதுல எறங்குனேன். கெளுத்தி குத்துச்சு, வேற ஒண்ணுமில்ல. இத்துனூண்டு முள்ளு. ஊருல இருக்குற அம்புட்டு மருந்தும் போட்டாக. எதுவும் கேக்கல. இந்தத் தண்ணியில இருக்குற கிருமிக்கு மருந்தே இல்லையாம். தங்கமுத்துன்னு ஒரு தம்பி, நேத்து வரைக்கும் வலை இழுத்தவன், ஆஸ்பத்திரியில கெடக்கான். அவன் காலு நிக்குமா போகுமான்னு தெரியல. இந்தா, இதுதான் அவன் பொண்டாட்டி. எறங்காதீக அப்பு. கூலிய விட்டாலும் நாளைக்குச் சம்பாரிக்கலாம். கைய விட்டா எத வச்சுச் சம்பாரிப்பீக?"

"அவ பேச்சக் கேக்காதீக. வேலை வேணுமா வேணாமா?" பெரியகருப்பன் ஜீப்பின் ஹாரனை அழுத்தினார். கரையிலிருந்த கொக்குகள் எழும்பிப் பறந்தன.

ராமர் குளத்தைப் பார்த்தான். தன் ஆட்களைப் பார்த்தான். அவர்களில் இரண்டு பேர் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு, பாதையை விட்டு விலகித் தண்ணீர் ஓரம் வரை போயிருந்தார்கள். அங்கேயே நின்று, இறங்காமல், திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மொதலாளி, செத்த நேரம் பொறுங்க" என்றான் ராமர். "இவுக சொல்றத முழுசாக் கேட்டுட்டுச் சொல்றோம்."

"கேக்குறதுக்கு என்ன இருக்கு? சாயங்காலம் வேற லாரி வரும், தெரிஞ்சுக்க."

"வரட்டுங்க. அவுகளும் கேக்கட்டும்."

அவன் தோளிலிருந்த துண்டை எடுத்துத் தரையில் விரித்தான். லாரியிலிருந்து இறங்கிய பெண்கள் ஒவ்வொருவராக வந்து ராமுத்தாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். ஒருத்தி அவள் முதுகில் கை வைத்தாள். தண்ணீர் ஓரம் நின்ற இருவரும் வலையைக் கீழே போட்டார்கள்.

பாதையில் இடம் போதவில்லை. மொக்கைச்சாமி புல்லை விட்டுவிட்டு, நகர்ந்து உட்கார்ந்து, ராமருக்கு இடம் கொடுத்தார்.